தலைமேல் தழல்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மூன்று வீடுகளில் குளியலறைக் கண்ணாடிக்கு அளவெடுத்தேன். ஒருவர் முகம் தெரிந்தால் போதும் என்றார். வயிறு தெரியாமல் முகம் மட்டும் தெரிவது படத்துக்குத்தான் சரி, கண்ணாடிக்குச் சரிவராது என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு அடி கூட்டிச் சொன்னார்.

மதியம் செய்தி வந்தது. தம்பி கடையில் கண்ணாடி சரிந்துவிட்டதாம். வலது கை. மணிக்கட்டுக்கு மேலே நரம்புகள் அறுந்துபோயின.

இருபது வருடம் என் கடையில் கண்ணாடி அறுத்தவன். போன வருடம் என் பெரிய வாடிக்கையாளரான காண்ட்ராக்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் தனிக்கடை போட்டான்.

மருத்துவமனைக்குப் போகவில்லை. சரக்கு இறக்க லாரி வந்திருந்தது.

இல்லை, லாரி நாளைக்குத்தான். உனக்கு நீயே பொய் எழுதினால் யாரப்பா படிக்கப்போகிறார்கள்?

மார்ச் 4, புதன்

போனேன். கை முழுக்கக் கட்டு. "வந்துட்டியா அண்ணே" என்றான், நான் வருவதாகச் சொல்லியிருந்தது மாதிரி. அவன் மனைவி நாற்காலியை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

எப்படிச் சரிந்தது என்று கேட்டேன்.

"கண்ணாடி அடுக்குற ஸ்டாண்டு கால் விட்டுருச்சு."

எந்த ஸ்டாண்டு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பிரசங்கம் இன்று எனக்கென்றே எழுதினது போல இருந்தது. பகைவன் பசித்தால் சோறு போடு, தாகமாக இருந்தால் தண்ணீர் கொடு. அப்படிச் செய்தால் அவன் தலைமேல் நெருப்புத் தழலைக் குவிப்பாய் என்கிற பகுதி. போதகர் அதை மெதுவாகப் பூசி மெழுகினார். தழல் என்றால் வெட்கம், வெட்கம் மனதை இளக்கும், இளகினால் உறவு கூடும் என்றார்.

போதகர் நல்ல மனிதர். ஆனால் கடை நடத்தினவர் இல்லை. தழல் என்றால் தழல்தான், சுடும். பழிவாங்காதே என்று ஒரு பக்கம் கையைக் கட்டிவிட்டு, மறுபக்கம் இப்படி ஒரு வழியையும் திறந்து வைத்திருக்கிறார் கர்த்தர். நாற்பது வருடமாகக் கேட்கிற வசனம். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

காண்ட்ராக்டர் முன்னால் அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. "எங்கண்ணனுக்கு அளவெடுக்கத்தான் தெரியும். அறுக்குறது நான்தான்." காண்ட்ராக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 16, திங்கள்

தம்பி வீட்டுக்குப் போனேன். பழம், பால்மாவு, போர்வை. விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடையை மூடியாயிற்று. மகள் படிப்பு பாதியில் நிற்கிறது.

"நம்ம கடைக்கே வந்துரு. வாசல்ல நாற்காலி போடுறேன். வர்றவங்கள வாங்கன்னு சொல்லு. அதுக்குக் கை எதுக்கு, வாய் போதும்" என்றேன்.

அவன் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "வேணாம் மாமா. நாங்க எப்படியாவது பாத்துக்குவோம்."

அவன் என்னைப் பார்த்து, "வரேன் அண்ணே" என்றான்.

திரும்பி வரும்போது நடையே லேசாக இருந்தது. பாட்டு கூட முணுமுணுத்தேன்.

மார்ச் 23, திங்கள்

முதல் நாள். கடை ஆட்களுக்குள்ள நீலச் சட்டையை அவனுக்கும் கொடுத்தேன். முதுகில் கடைப் பெயர். பொத்தான் போட ஒற்றைக் கையால் திண்டாடினான். எல்லோரும் பார்க்க நானே போட்டுவிட்டேன்.

நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போடவில்லை. அறுக்கிற மேசையைப் பார்த்துப் போட்டேன். அவன் இடத்தில் இப்போது நிற்பவனைப் புதுக்கை என்று கூப்பிடுகிறார்கள் கடையில். வேண்டுமென்று யாரும் வைத்த பெயரில்லை. ஆனாலும் பொருந்திவிட்டது.

பதினொரு மணிக்குக் காண்ட்ராக்டரே வந்தார். எழுந்து நின்று "வாங்க" என்றான் தம்பி.

"என்னப்பா, முதலாளி மறுபடி சட்டை மாத்திட்டாரா?" என்றார் அவர், அவன் நீலச் சட்டையைக் காட்டி.

"நம்ம தம்பிதானே சார். கை போனா என்ன, அண்ணன் நான் போயிட்டேனா?" என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

தம்பி தலை குனிந்தான். நல்ல தழல்.

ஏப்ரல் 2, வியாழன்

வட்டக் கண்ணாடி ஒன்று கேட்டு வந்தார்கள். வட்டம் அறுப்பதில் தம்பியை அடிக்க ஆளில்லை. புதுக்கை அறுத்தான், உடைந்தது. இன்னொன்று, அதுவும். தம்பி உட்கார்ந்தபடியே இடது கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, "நிறுத்தாம ஒரே இழுப்பா இழு" என்றான்.

"நீ உன் வேலையப் பாரு, வாசல்ல ஆள் நிக்குது" என்றேன்.

வாசலில் யாரும் இல்லை.

ஏப்ரல் 11, சனி

என் மனைவிக்கு நாக்கு கத்தி. சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க தம்பிக்கு நீங்க குடுக்குறது சோறா, சவுக்கா?"

"வேதம் சொன்னபடி செய்யுறேன்."

"வேதத்துல அடுத்த வரியும் இருக்கு. தீமைய நன்மையால ஜெயிக்கச் சொல்லுது. நீங்க நன்மைய வச்சே தீமை பண்றீங்க. அதுக்கும் ஒரு தெறமை வேணும்தான்."

பாத்திரத்தை அப்படியே மூடி வைத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் மட்டும் இல்லாமலா போய்விடும்?

தனிக்கடை போடுகிறபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். கண்ணாடி சாய்த்து வைக்கிற அந்தப் பழைய இரும்பு ஸ்டாண்டு. "இருபது வருஷம் அதுலதான் அடுக்கினேன், கை அதுக்குப் பழகிருச்சு" என்றான். எடுத்துக்கொள் என்றேன்.

இடது பின்கால் வெல்டிங் விட்டிருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் கவனித்தேன். சரிசெய்ய ஆள் சொல்ல வேண்டும் என்று நினைத்தும் வைத்திருந்தேன். அவன் வண்டியில் ஏற்றும்போது நான் கயிறு கூடக் கட்டிக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

விழ வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடி நாலு உடையட்டும், காண்ட்ராக்டர் கத்தட்டும் — அவ்வளவுதான். கையை நினைக்கவில்லை. கண்ணாடி வியாபாரி கையை நினைக்கவில்லையாம். யாரிடம் சொல்கிறாய் இதை?

ஏப்ரல் 26, ஞாயிறு

சபையில் சாட்சி சொல்லும் நேரம். தம்பி எழுந்தான். அந்த நீலச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்திருந்தான், ஞாயிற்றுக்கிழமையில்.

"நான் எங்கண்ணனுக்குச் செஞ்சது இங்க எல்லாருக்கும் தெரியும். எங்கண்ணன் எனக்குச் செஞ்சது கர்த்தருக்குத் தெரியும்."

அவ்வளவே. உட்கார்ந்துவிட்டான். சபை முழுக்க ஆமென். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். பின்வரிசை ஐயா ஒருவர், அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தன் மகன்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

முதல் வரி சபைக்கு. இரண்டாவது வரி யாருக்கு?

ஏப்ரல் 27, திங்கள்

ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தான். "நல்லா தூங்குனியா அண்ணே?"

ஏப்ரல் 29, புதன்

காணிக்கை படைக்க வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றிருக்கிறது. இதை எத்தனை பேருக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் மாமனார் வீட்டுப் பாகப்பிரிவினையில் இதைச் சொல்லித்தான் இரண்டு மச்சான்களைச் சேர்த்துவைத்தேன். அடுத்தவனுக்கு அளவெடுக்க எனக்கு டேப்பே வேண்டாம்.

ஏப்ரல் 30, வியாழன்

மதியம் கடையில் ஆளில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவன் முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். ஸ்டாண்டு, வெல்டிங், கயிறு. நாற்காலியை எதற்காகப் போட்டேன் என்பதையும்.

அழுவான் என்று நினைத்தேன். அடிப்பான் என்றும் நினைத்தேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள்.

அவன் மடங்காத விரல்களை முழங்கால்மேல் சரிசெய்து வைத்துக்கொண்டான்.

"தெரியும் அண்ணே."

"எது?"

"கால் விட்டிருந்தது. இருபது வருஷம் அடுக்கினவனுக்குத் தெரியாதா? வண்டியில ஏத்தறப்ப உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்லுவியா மாட்டியான்னு. நீ முடிச்சு போடுறதுலயே குறியா இருந்த."

"தெரிஞ்சும் அதுலயா கண்ணாடி அடுக்கின?"

"வெல்டிங் வச்சுடணும்னு தினமும் நினைப்பேன். வேலை ஓடிக்கிட்டே இருந்துச்சு. தள்ளிப்போட்டேன்." தன் கையைத் தூக்கிக் காட்டினான். "அந்த முட்டாள்தனம் என்னோடது. அதுக்குக் கை போச்சு. உன்னோடதுக்கு ஒண்ணும் போகல."

"நாற்காலி எதுக்குன்னு தெரிஞ்சும் ஏன்டா வந்த?"

"வீட்டுல அடுப்பு எரியணும், பிள்ள படிக்கணும். அப்புறம், அந்த வசனம் எனக்கும் மனப்பாடம் அண்ணே. தழல் யாரு தலைய சுடுதுன்னு உக்காந்து பாக்கலாம்னுதான்."

மே 1, வெள்ளி

தூங்கவில்லை.

மே 4, திங்கள்

அவனிடம் சொன்னேன்: நீ வர வேண்டாம். வீட்டிலிரு. மாதம் தவறாமல் எல்லாம் வந்து சேரும். மகள் படிப்பு என் பொறுப்பு. வேண்டுமென்றால் கடையில் பாதியை எழுதிவைக்கிறேன்.

மகள் படிப்புக்குச் சரி என்றான். பாதிக்கடை வேண்டாம் என்றான். வீட்டிலிருக்கவும் மாட்டானாம்.

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா."

"மன்னிச்சுட்டேன் அண்ணே" என்றான் உடனே. காண்ட்ராக்டருக்கு "வாங்க" சொன்ன அதே குரல்.

பிறகு ஒன்று கேட்டான். மூடின கடையில் அந்த ஸ்டாண்டு கிடக்கிறதாம். அதை இங்கே கொண்டுவந்து போட வேண்டுமாம். புதுக்கைக்கு உதவும் என்றான்.

மே 8, வெள்ளி

ஸ்டாண்டு வந்தது. வெல்டிங்காரர் இடது பின்காலைப் பற்றவைத்தார். காய்ந்த ரத்தம் ஒரு மூலையில் துரு மாதிரி இருந்தது. துரு என்றே நினைத்துத் தேய்த்துவிட்டார். நான் சொல்லவில்லை.

எங்கே வைப்பது என்று கேட்டார்கள். தம்பி எழுந்து வந்து, மடங்காத கையால் இடம் காட்டினான். என் மேசைக்கு நேர் எதிரே. தன் நாற்காலியையும் இடது கையால் இழுத்துவந்து அதன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டான். நான் அளவு எழுதும் புத்தகத்திலிருந்து தலை தூக்கினால் இனி அந்தக் கால், அவன் கை, அவன்.

"வெளிச்சத்த மறைக்குதா அண்ணே?"

"இல்ல" என்றேன்.

சாயங்காலம் சட்டைப் பொத்தானைக் கழற்ற அவனால் முடியவில்லை. நான் குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். யாரும் பார்க்கவில்லை. கடைசிப் பொத்தான் வரை அவன் பொறுமையாக நின்றான்.

"ஒன்பதுக்கு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.