கார்டு இல்லாத ஆள்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நர்ஸ் என்று பேர்தான், ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறாய், நீ மட்டும் போட்டுக்கொள்வதில்லை.

சேதி இதுதான். உன் தம்பி மேனேஜர் ஆகிவிட்டான்! குளிர்க்கிடங்கின் சாயங்கால ஷிஃப்டுக்கு இனி நான்தான் பொறுப்பு. மாதச் சம்பளம். ஓவர்டைம் கிடையாது, ஆனால் சம்பளம் கொஞ்சம் கூட.

எங்கள் கேட்டில் இரண்டு பலகை உண்டு என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? வரும்போது கார்டை மிஷினில் குத்தி 'உள்ளே' பலகையில் செருகவேண்டும். போகும்போது மறுபடி குத்தி 'வெளியே' பலகையில். என் கார்டைப் பெரிய மேனேஜரே எடுத்துக் கிழித்தார். "இனிமே நீங்க மணி பார்த்து வேலை செய்யிற ஆள் இல்லை" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை என்னவோ அதேதான். பட்டாணி மூட்டை, மீன் பெட்டி. ஆள் போதவில்லை. மற்றவர்களை ஓவர்டைம் பார்க்கச் சொன்னால் காசு கொடுக்கவேண்டும், எனக்குக் கொடுக்கவேண்டாம். அதனால் அவர்கள் போனபிறகு மிச்சத்தை நானே அடுக்கிவிட்டுக் கிளம்புகிறேன். கவலைப்படாதே, நான் இப்போது மேனேஜர்.

உன்,
மேனேஜர் தம்பி


ஜனவரி 17

மேனேஜர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் அக்கா எழுந்து நின்று வணக்கம் சொல்லிக்கொள்கிறாள். போதுமா?

டேய், உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாட எனக்கு ஆசைதான். ஆனால் உன் கடிதத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்துவிட்டேன். என்னை வார்டு பொறுப்பாக்கியபோது நானும் இப்படித்தான் குதித்தேன். இப்போது அடுத்த நர்ஸ் வரவில்லை என்றால் அவள் வேலையும் என் தலையில். மாடி வீட்டுக்காரரை ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர் ஆக்கினார்கள். அவருக்குக் கீழே ஒரு ஈ காக்கா இல்லை. வெங்காயம் உரிப்பதும் அவர்தான், சட்டி கழுவுவதும் அவர்தான்.

எங்கள் ஆஸ்பத்திரிக் கணக்காளரிடம் கேட்டேன். "பேரு மேனேஜர்னா போதாதும்மா. ஆளை வெச்சு வேலை வாங்குற அதிகாரம் நிஜமாவே இருக்கணும். இல்லேன்னா சட்டப்படி ஓவர்டைம் குடுத்தே ஆகணும்" என்றார். நீ சொல், உன்னால் ஒருவனுக்கு ஒருநாள் லீவு கொடுக்க முடியுமா?

அதைக்கூட விடு. எல்லாரும் போனபிறகு அந்தக் குளிருக்குள் தனியாகவா நிற்கிறாய்? நீ உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? உடனே பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

இதை என் வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. நீயும் வீட்டுக்குப் போன் செய்து கேட்காதே. பேசினால் என் குரல் உடைந்துவிடும், பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரிந்துவிடும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: யாருக்கும் தெரியாது.

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். நான் கடைசிக் கிடங்கில் மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்காரர் வழக்கம்போல் பலகையைப் பார்த்திருக்கிறார். எல்லாக் கார்டும் 'வெளியே' இருந்தன. விளக்கை அணைத்தார், வெளியே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினார். அவர் செய்தது சரிதான். என்னிடம்தான் கார்டு இல்லையே.

உள்ளே இருந்து திறக்கும் கைப்பிடி பனியில் உறைந்து அசையவே இல்லை. போன் குளிரில் அணைந்துவிட்டது. கத்தினேன், கதவை உதைத்தேன். அந்த விசிறிச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பயந்துவிட்டேன் அக்கா. சின்ன வயதில் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுவேனே, அப்படி அழுதேன். கண்ணீர் இமையிலேயே ஒட்டிக்கொண்டது.

சுவரில் ஒரு வெப்பமானி உண்டு, இருட்டில் தடவிக் கண்டுபிடித்தேன். கம்பியின் நுனியில் சின்னக் குமிழ். உள்ளே சூடு ஏறினால் மெக்கானிக் வீட்டில் மணி அடிக்கும், சரக்கு கெட்டுவிடக் கூடாது என்று. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குமிழை இரண்டு கையாலும் பொத்தினேன். ஊதினேன். கை மரத்ததும் சட்டையைத் திறந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மீனுக்காக வைத்த மணி, எனக்காக அடிக்காதா என்று.

மணி கேட்டு ஓடிவந்த மெக்கானிக் கதவைத் திறந்ததும், "சரக்கு உருகிடுச்சா?" என்றுதான் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். பாவம், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய மேனேஜர் மறுநாள் கேட்டது: "அந்த நேரத்துல உங்களை யாரு உள்ள இருக்கச் சொன்னா?"

வீட்டில் ஃபிரிட்ஜைக்கூட இவளைத்தான் திறக்கச் சொல்கிறேன். ஆனாலும் தினமும் உள்ளே போகிறேன். போகாவிட்டால் வேலை போய்விடும்.

தம்பி


பிப்ரவரி 8

என் கண்ணே,

மருந்து அறையில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் விரல்களைப் பார். நுனி வெளுத்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா? இருந்தால் இன்றே டாக்டரிடம் போ. இல்லாவிட்டாலும் போ.

அடுத்து, கார்டைத் திருப்பிக் கேள். காசு அப்புறம். நீ உள்ளே இருக்கிறாயா வெளியே இருக்கிறாயா என்று அந்தக் கட்டடத்துக்குத் தெரியவேண்டும். தரமாட்டேன் என்றால் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடு. உன் பொண்டாட்டியிடமும் சொல்லித் தொலை. எனக்கு இருக்கிற பயத்தில் பாதியை அவள் வாங்கிக்கொள்ளட்டும்.

அதுவரை தினமும் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு உங்கள் கேட்டுக்குப் போன் செய்வேன். "என் தம்பி வெளியே வந்துட்டாரா?" என்று கேட்பேன். மானம் போகிறது என்றால் போகட்டும்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

விரல்கள் பிழைத்துவிட்டன. இவளிடம் சொன்னேன். என் கையை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள்.

கார்டு கேட்டேன். "கார்டு வேணும்னா பதவி இல்லை. ரெண்டுல ஒண்ணு" என்றார் பெரிய மேனேஜர். கார்டை வாங்கிக்கொண்டேன். சம்பளம் பழையபடி. மனுவும் கொடுத்திருக்கிறேன், விசாரிக்க ஆள் வரும் என்கிறார்கள், இன்னும் வரவில்லை. கைப்பிடியை மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. என் இடத்துக்கு ஒட்டடைக்குச்சியைப் போட்டுவிட்டார்கள். நெட்டையாக, ஒல்லியாக ஒருவன் இருக்கிறான் என்பேனே, அவன்தான். போன மாதம் இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது. சம்பளம் கூடும் என்றதும் தலையாட்டிவிட்டான். அவன் கார்டையும் கிழித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். என் கையும் தட்டியது அக்கா, அதை நினைத்தால் கூசுகிறது.

நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன். சிரிக்கிறான். "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே, நான் இப்ப மேனேஜர்" என்கிறான். பூட்டும் முன் உள்ளே போய்க் கூப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்காரரிடம் கெஞ்சியிருக்கிறேன். சில நாள் போகிறார், சில நாள் மறந்துவிடுகிறார். அதனால் தினமும் கார்டைக் குத்திவிட்டு, அவன் வரும்வரை கேட்டிலேயே நிற்கிறேன். இந்த நேரத்துக்கு எனக்கு யாரும் ஓவர்டைம் தரப்போவதில்லை.

இதையும் கேட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இப்போதுதான் நீ போன் செய்தாய். "உங்க தம்பி என் பக்கத்துலதாம்மா உட்கார்ந்திருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டு, கேட்டுக்காரர் பலகையைப் பார்த்தார். எல்லாக் கார்டும் 'வெளியே' இருக்கின்றன. பூட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஒட்டடைக்குச்சி இன்னும் வரவில்லை.

அவர் கையிலிருந்து பூட்டை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நான்தான் உள்ளே போய்க் கூப்பிடவேண்டும். ஆள் போனபிறகு அந்தக் கதவுக்குள் இனி நுழைவதில்லை என்றிருந்தேன், ஆனாலும் போகிறேன்.

நாளையிலிருந்து போன் செய்யும்போது என்னைக் கேட்காதே அக்கா. ஒட்டடைக்குச்சி வெளியே வந்துவிட்டானா என்று கேள்.

உன்,
தம்பி