எட்டு நீல விரிப்புகள்

டீச்சர்,

பஸ் நிறுத்தத்துச் சுவரில் உங்கள் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி. பசை காயவில்லை, மைதா வாடை அடிக்கிறது. ‘குழந்தைகளின் தெய்வமே’ என்று கீழே அச்சடித்திருக்கிறது. கம்பெனி வேன் வரும்வரை அதற்கு நேர் எதிரில்தான் நிற்க வேண்டியிருந்தது. கூட நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் கொட்டவில்லை. துக்கம் கேட்கவும் வரவில்லை. வந்தால் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது மட்டும் சொல்ல விட்டீர்களா?

நல்லது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். என் மகள் ஜெனிக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்த அன்று, எனக்குத் தகவல் வருவதற்குள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியது நீங்கள்தான். உங்கள் சேலையெல்லாம் வாந்தி. “புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க, அழுகாதீங்க கண்ணு” என்றீர்கள். அந்த நன்றியில்தான் நீங்கள் கேட்டதும் மறுபேச்சில்லாமல் தைத்துக் கொடுத்தேன்.

பால்வாடியில் பிள்ளைகள் மதியம் வெறும் சிமெண்டுத் தரையில் தூங்குகிறார்கள், கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் துணி கிடைத்தால் விரிப்பு தைத்துத் தர முடியுமா என்று கேட்டீர்கள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கினேன். சந்தன நிறத்தில் பதினெட்டு, கருநீலத்தில் எட்டு. எண்ணிக்கை நீங்கள் சொன்னது. நீலம் எதற்கு என்று கேட்டேன், அழுக்குத் தெரியாது என்றீர்கள். ஏன் எட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓரம் அடித்தேன். சந்தன விரிப்பு ஒன்றின் மூலையில் ஜெனிக்காக ஒரு சிவப்புப் பூவும் போட்டேன்.

ஒருநாள் சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லை என்று மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். நேராகப் பால்வாடிக்கு வந்தேன். ஃபேனுக்கு அடியில் சந்தன நிறம் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பூப்போட்ட விரிப்பில் அரிசிக் கடைக்காரர் பேத்தி. வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் நீலம். காலனிப் பிள்ளைகள் ஐந்து பேர். தெற்கேயிருந்து பிழைக்க வந்த எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், அதில் ஒருத்தி ஜெனி. எட்டாவது பிங்கி, எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் பீகார்க் குடும்பத்துப் பிள்ளை. வெளியே விரிப்பு காயப்போடும் கொடியும் இரண்டாக இருந்தது. என் பிள்ளையை ஒதுக்குவதற்கான துணியை நானே அளவெடுத்து வெட்டியிருக்கிறேன்.

ஏன் இப்படி என்று கேட்டேன். உங்கள் குரல் உயரவே இல்லை.

“தப்பா நெனைக்காதீங்க சாமி. நான் வித்தியாசமே பாக்கறதில்லீங்க. பெத்தவங்க சொல்றாங்க, நான் என்னங்க பண்றது?”

“நானுந்தான பெத்துருக்கேன் டீச்சர். என்ட்ட யாரு கேட்டா?”

சிரித்தீர்கள். வாங்க, போங்க, கண்ணு, சாமி. இந்த ஊர் மரியாதையைப் போல ஆளை வெளியே நிறுத்தும் கதவு வேறு இல்லை. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

ஜெனியைத் தூக்கிப்போய் அந்தப் பூ விரிப்பிலேயே, கடைக்காரர் பேத்திக்குப் பக்கத்தில் கிடத்தினேன். இரண்டும் விழிக்கவில்லை. அந்தப் பிள்ளை தூக்கத்தில் ஜெனியின் மேல் காலைப் போட்டுக்கொண்டது. மூன்று வயதுக்கு இவ்வளவுதான் தெரியும். மீதியை நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள்.

மறுநாள் சந்தன விரிப்புப் பிள்ளைகள் ஆறு பேர் வரவில்லை. பிள்ளைகள் குறைந்தால் பால்வாடியையே மூடிவிடுவார்கள், அப்புறம் உங்க புள்ளைய எங்கீங்க உடுவீங்க என்று அதே மரியாதையோடு கேட்டீர்கள். அதற்கு அடுத்த நாள் எல்லாம் பழையபடி ஆகியிருந்தது. எனக்குக் காலை எட்டரைக்கு ஷிப்ட். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஜெனியை உங்கள் வாசலில் விட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வேனைப் பிடித்தேன். ஒன்றாம் வகுப்புக்குப் போகும்வரை அவள் நீலத்தில்தான் தூங்கினாள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களை மறந்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனி வீட்டில் பால்வாடி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள்தான் டீச்சர். முந்தானைக்கு என் துண்டு. பாயில் தன் பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, உட்கார வந்த பிங்கியிடம் உங்கள் குரலிலேயே சொன்னாள்: “நீங்க அங்க போங்க கண்ணு.” கை வாசல்படியைக் காட்டியது. பிங்கி எழுந்துபோய் வாசல்படியோரம் வெறுந்தரையில் சுருண்டு படுத்தாள். அழவில்லை. ஜெனியை அடித்தேன். எதற்கு அடி என்று அவளுக்குப் புரியவில்லை. நீங்கள் ஜெனியை வாசலோரம் படுக்க வைத்தது மட்டுமல்ல, வாசலோரம் படுக்க வைக்க அவளுக்கும் ஒரு ஆளைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அன்றே அவளை இழுத்துக்கொண்டு பிங்கி வீட்டுக்குப் போனேன். பிங்கியின் அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பனியன் கம்பெனிக்காரிதான், செக்கிங் வேலை. எனக்கு இந்தி வராது. தெரிந்த தமிழிலும் கை ஜாடையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிறவள் போலச் சொன்னாள்:

“பரவாயில்ல அக்கா. பிங்கிக்குப் பழக்கம் ஆயிடுச்சு.”

டீச்சர், உங்களை நான் மன்னிக்கவில்லை. போஸ்டர் கிழிந்தாலும் மன்னிக்க மாட்டேன். ஆனால் என் நெஞ்சில் கிடப்பது நீங்கள் பேசியது எதுவுமில்லை, அவள் சொன்ன அந்த ஒரு வரி. எப்படி இதைச் சொல்ல மனம் வந்தது என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஜெனியை மறுபடி உங்கள் வாசலில் விட்டு வேன் ஏறிய காலையில், நானும் வாய் திறக்காமலே அதைத்தான் உங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.