புகார் வாங்க ஆளில்லாத வீடு

மார்ச் 9, 2019 – சனி

சாவி கைக்கு வந்துவிட்டது. ஆர்க்கன்சா மலைக்குள், சரளைக்கல் சாலையில் கடைசி வீடு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: வீட்டு உரிமையாளர் சங்கம் கிடையாது. அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினோம். கூரை ஒழுகும் என்று தரகர் சொன்னது என் காதில் ஏறவேயில்லை.

டல்சாவில் பதினோரு வருடம் அந்தச் சங்கத்தோடு மல்லுக்கட்டியாயிற்று. காற்றுமணி சத்தம் போடுகிறது, கழற்று. கொல்லையில் துணி காயப்போடாதே. கடைசியில் என் தம்பி லோவெலின் பிக்கப் வண்டி. அவன் செத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஓடாத வண்டி வாசலில் நிற்கக்கூடாதாம், முப்பது நாள் கெடு. பழைய இரும்புக்காரன் அந்தப் பச்சை வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்துப் போனபோது என் புருஷன் ரஸ்ஸல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "விடு நோரீன். ரூல்னா ரூல். நாம என்ன பண்ண முடியும்?"

போட்டுக்கொடுத்தது எதிர்வீட்டு பெவர்லி. வேறு யார்? லோவெல் செத்தபோது மூன்று நாள் நீலப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தவள், இப்படியா செய்வாள்? இரண்டு வருடம் அவளோடு பேச்சில்லை. நேற்று கிளம்பும்போது கையாட்டினாள். நான் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

மார்ச் 12

காற்றுமணி ஒன்றை மாட்டினேன். பெட்டியில் இன்னும் நாலு இருக்கிறது. "மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமே" என்றான் ரஸ்ஸல். சரி என்றேன்.

மார்ச் 20 – புதன்

பக்கத்து நிலத்தில் ஆடு வளர்க்கும் டார்லா நேற்று வந்தாள். முழங்கால்வரை சேறு. வணக்கம் வந்தனம் எதுவும் இல்லை.

"ஏம்மா, புதுசா வந்தவ நீதானா? உன் வாசல் லைட்டு நேரா என் படுக்கையில விழுது. அணைச்சுத் தொலையேன்."

சுருக்கென்றுதான் இருந்தது. அணைத்தேன். இன்று காலை ஒரு டஜன் முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். விஷயம் அவ்வளவுதான்.

ஆட்டுக்குக் காவலாக அவள் வைத்திருக்கும் கழுதை விடிவதற்கு முன்னாலேயே கத்துகிறது. காபி குடிக்கும்போது ரஸ்ஸல் கேட்டான்: "இதையெல்லாம் இங்க யார்கிட்ட எழுதிக் குடுக்கறது?"

"யாரும் கிடையாது! அதுக்குத்தானே இங்க வந்தோம்?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 16 – செவ்வாய்

டல்சா வீட்டை விற்றதையொட்டி, சங்கத்திலிருந்து எங்கள் கோப்பின் நகல் தபாலில் வந்தது. கட்டி மூலையில் போட இருந்தேன். சும்மா புரட்டினேன்.

எங்களுக்கு வந்த நோட்டீஸ்களுக்குப் பின்னால் புகார்த் தாள்களையும் சேர்த்துப் பின் அடித்திருக்கிறார்கள். எடுக்க மறந்திருக்க வேண்டும். காற்றுமணிக்கு ஒன்று. துணிக்கொடிக்கு ஒன்று. வண்டிக்கு இரண்டு. பெயர் எழுதும் கட்டம் காலி. 'பெயரை வெளியிட வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக்.

எல்லாம் பெரிய எழுத்து. ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு. பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவனின் எழுத்து. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் மளிகைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 17

ரஸ்ஸல்.

ஏப்ரல் 18

கேட்டுவிட்டேன். தாள்களை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை.

"தினம் அந்த வண்டியில போய் உக்காந்து அழுதிட்டிருந்தே. எனக்குப் பாக்க முடியல."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்மேல கோவப்படுவே. சங்கம் சொன்னா யார்மேலயும் பழி இல்ல."

யார்மேலும் பழி இல்லையா? பெவர்லிமேல் போட்டேனே, இரண்டு வருடம்! நான் அவளைக் கரித்துக்கொட்டியபோதெல்லாம் எதிரில் உட்கார்ந்து தலையாட்டினானே. தோளைப் பிடித்துக்கொண்டு நின்றானே — அந்தக் கை — அந்தக் கையால்தானே எழுதினான்? இரண்டு தடவை எழுதியிருக்கான். முதல் தாளுக்கு சங்கம் அசையலைன்னு ரெண்டாவது தாள். என் தம்பி வண்டி அது. எங்கிட்ட மிச்சமிருந்தது அது ஒண்ணுதான். பாவி.

இந்த வீட்டுக்கு முதல் கையெழுத்துப் போட்டதும் அவன்தான். அதிலாவது பெயர் எழுதினானே.

ஏப்ரல் 27

ஐந்து காற்றுமணியையும் அவன் படுக்கும் அறை ஜன்னலில் மாட்டினேன். "கழட்டுன்னு என் மூஞ்சியைப் பாத்து ஒரு தடவை சொல்லு. கழட்டிடறேன்" என்றேன்.

"எனக்கொண்ணும் தொந்தரவில்ல" என்றான்.

மே 3

நல்ல காற்று. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறான். கேட்டால், காதுவலியாம்.

மே 9

சந்தையில் டார்லாவைப் பார்த்தேன். "உன் வீட்டுக்காரர் கவுன்டி ஆபீஸ்ல போய் சத்தத்துக்கு ஏதாவது ரூல் இருக்கான்னு கேட்டாராம். என் கழுதைக்கா, இல்ல உன் மணிக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது.

மே 14 – செவ்வாய்

போய்விட்டான். வரைபலகையையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு, நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து. சமையலறை மேஜையில் ஒரு தாள். ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, என்னோடு ஏன் இருக்க முடியாது என்று பெரிய எழுத்தில். மூன்றாவது, காற்றுமணி.

கீழே கையெழுத்து இல்லை.

மே 19

பெவர்லிக்கு போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "அடிப்பாவி. ரெண்டு வருஷமா நான் என்ன தப்பு பண்ணேன்னு மண்டையை உடைச்சிட்டிருந்தேனே" என்றாள். இருவரும் அழுதோம்.

ஜூன் 8 – சனி

பெவர்லி நேற்று வந்தாள், மூன்று நாள் தங்க. அதே நீலப் பாத்திரத்தில் கோழியும் அரிசியும். ரஸ்ஸல் இருந்த அறையைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். காலையில் கலைந்த தலையோடு எழுந்து வந்து நின்றாள்.

"நோரீன், தப்பா எடுத்துக்காதே. அந்த மணிச் சத்தம் மண்டையைப் பிளக்குதுடி. கழட்டிடேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். ஐந்தையும் கழற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.