பெயருக்குக் கட்டம் இல்லை

குத்துக்கல்வலசை
11.06.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெனி எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன். இல்லை என்று யாரும் வந்து சொல்லவில்லை.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் 'ம்' என்பீர்கள். நான் அழுவேன். பிறகு யாராவது ஒருவருக்கு சார்ஜ் தீர்ந்துபோகும். அதனால் காகிதம்.

இங்கே சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. துணி எதுவும் காயவில்லை. அம்மாவுக்கு முட்டுவலி. கல்லூரியில் இந்த ஆண்டும் நான் கௌரவ விரிவுரையாளர்தான். கௌரவம் மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது.

விஷயம் இது. போன வாரம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். நம் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் கேட்டேன். அப்படி ஒரு பிறப்பு இல்லை என்றார்கள். இறப்புச் சான்றிதழ் கேட்டேன். பிறக்காதவர் இறக்க முடியாது என்ற அர்த்தத்தில், ஆனால் மரியாதையாக, அதுவும் இல்லை என்றார்கள். பிறகுதான் மூன்றாவது பதிவு ஒன்று இருப்பது தெரிந்தது. இறந்து பிறந்தவர்களுக்கு. அவள் அதில் இருக்கிறாள். தகப்பன் பெயர் பென்னி. தாய் பெயர் ஜெனி. பெண். குழந்தையின் பெயர் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. காலியாக விட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அப்படியல்ல. அச்சடிக்கும்போதே இல்லை.

சட்டத்தை எடுத்துப் படித்தேன். மொழி நன்றாக இருக்கிறது, வளவளப்பு இல்லை. தாயிடமிருந்து முழுதாக வெளியே வந்தபின் ஒரு முறை மூச்சு விட்டால் போதும். அது உயிருள்ள பிறப்பு. எவ்வளவு நேரம் இருந்தாள் என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை. அப்போது இரண்டு சான்றிதழ். இரண்டிலும் பெயர்.

அவள் அழுதாள், அத்தான். நான் கேட்டேன். அதன் பிறகுதான் எனக்கு நினைவு போனது.

தவறான பதிவைத் திருத்த வழி இருக்கிறது. விவரம் அறிந்த, நம்பகமான இருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அவள் பிறந்தபோது வண்டிக்குள் இருந்தது நீங்களும் நானும். ஒரு கையெழுத்து என்னுடையது. இன்னொன்று உங்களுடையது. நீங்கள் கையெழுத்திட வேண்டிய தாளை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடமாகத் தனித்தனியாக இருக்கிறோம். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை.

ஜெனி


பாவூர்சத்திரம்
20.06.2025

அன்புள்ள ஜெனிக்கு,

கர்த்தர் உன்னையும் அத்தையையும் காப்பாராக. உன் கடிதம் காய்கறிக் கடை விலாசத்துக்கு வந்தது. முதலாளி ரத்தினம் அண்ணாச்சி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே பென்னி, இந்தக் காலத்துல யாருலே ஒனக்கு லெட்டர் போடுதா? கோர்ட்டா, பொண்டாட்டியா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன்.

இங்கே தக்காளி விலை விழுந்துவிட்டது. ஏலத்துக்கு வந்த விவசாயிகள் சிலர் கூடையை இறக்காமலே திரும்பிப் போகிறார்கள். குற்றாலத்தில் லாட்ஜில் வேலை பார்த்தபோது சீசன் என்றால் கூட்டம். இங்கே சீசன் என்றால் விலை. எனக்கு இது பழகிவிட்டது. அத்தைக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிடு. நடக்கச் சொல், உட்கார விடாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் தாளைப் பல முறை படித்துவிட்டேன். "குழந்தை அழுததை நான் என் காதால் கேட்டேன்" என்று இருக்கிறது. ஜெனி, நான் கேட்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்திலிருந்து தென்காசி வரை வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் ஒரு சுற்றுலா பஸ், பின்னால் ஒரு சுற்றுலா பஸ். இரண்டும் விடாமல் ஹாரன் அடித்தன. உனக்கு எட்டாம் மாதம். நான் ஒரு கையில் உன்னையும் இன்னொரு கையில் அவளையும் பிடித்திருந்தேன். எனக்கு ஹாரன் மட்டும்தான் கேட்டது.

நீ கேட்டேன் என்கிறாய். நீ பொய் சொல்கிறவள் அல்ல. நான் கேட்கவில்லை என்கிறேன். நானும் பொய் சொல்லவில்லை. கேட்காததைக் கேட்டேன் என்று எழுதினால் நான் நம்பகமான ஆள் இல்லை. அப்போது அந்தத் தாளுக்கே நான் உதவ மாட்டேன்.

கோபப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பென்னி


குத்துக்கல்வலசை
04.07.2025

அத்தானுக்கு,

கோபப்படாதே என்று எழுதினால் கோபம் வரும். இது உங்களுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

அன்று வண்டி ஓட்டிய டிரைவர் சங்கரபாண்டி அண்ணனைப் போய்ப் பார்த்தேன். ஐந்தருவிப் பக்கம் வண்டியை நிறுத்தி ஈரப் பனியனைப் பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பனியனை மறுபடி ஈரமாகவே போட்டுக்கொண்டார்.

"அழுதது கேட்டுதா அண்ணே?"

"நான் எங்கன தாயி உள்ள இருந்தேன்? கீழ எறங்கி முன்னால நிக்க பஸ்காரன்கூடச் சண்ட போட்டுட்டுல்லா இருந்தேன். 'ஏலே, வண்டிக்குள்ள பிரசவம் நடக்கு, ஒதுங்குலே'ங்கேன். அவன், 'எல்லாவனும் இதத்தான் சொல்லுதான்'ங்கான்."

சட்டப்படி ஓடும் வண்டியில் பிறந்தால் தகவல் சொல்ல வேண்டியவர் வண்டிக்குப் பொறுப்பானவர், வண்டி முதலில் நிற்கும் ஊரில் பதிவு என்று அவரிடம் சொன்னேன். அவர் மிரண்டுபோனார். "நாஞ் சொல்லணுமா? எம் பொண்டாட்டி காதுல விழுந்தா வேற மாதிரில்லா நெனைப்பா!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடத்தில் அவள் விஷயமாக நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவரும் சிரித்துவிட்டுப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் நிற்கும் ஊர். நம் வண்டி ஓடவேயில்லை. அந்தப் பிரிவை எழுதியவர் குற்றாலத்துக்குச் சீசனில் வந்திருக்க மாட்டார்.

அலுவலகத்தில் லிங்கேஸ்வரன் என்று ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். "ஒங்க வீட்டுக்காரரு சொன்னதத்தான் ஆஸ்பத்திரில எழுதிருக்காவ டீச்சர். அவரே மாத்திச் சொன்னாத்தான் உண்டு" என்றார்.

நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். அப்போது எனக்கு நினைவு திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் கேட்டார், "அழுதுதா?" நீங்கள் உடனே சொன்னீர்கள், "இல்ல டாக்டர்." கொஞ்சமும் யோசிக்கவில்லை. என்னைக் கேட்கவில்லை. 'தெரியலை' என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது, அத்தான். அதைச் சொல்லியிருக்கலாம்.

கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாக இடம் கொடுத்தார்கள். பெயரில்லாமல் சிலுவையில் என்ன எழுதுவது என்று யாரோ கேட்டார்கள். அதனால் சிலுவையும் வைக்கவில்லை. இப்போது அங்கே புல். எது அவள் இடம் என்று நான் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

அவள் மூச்சு விட்டாள் என்பதைக் கேட்க உலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தோம். அதில் ஒருவர் 'இல்லை' என்று சொன்னால் நான் பைத்தியம். அதுவும் இல்லையென்றால் பொய்க்காரி. இந்த இரண்டில் ஒன்றாக உங்களோடு குடும்பம் நடத்த என்னால் முடியாது. அதனால்தான் வந்துவிட்டேன். நீங்கள் இதுவரை காரணம் கேட்டதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

கையெழுத்து வந்தால் வரட்டும். வராவிட்டால் விண்ணப்பத்தைக் கிழித்துவிடுகிறேன். கூடவே நம் கல்யாணத்தையும் சட்டப்படி முடித்துக்கொள்ளலாம். அதற்கான படிவங்களில் பெயருக்குக் கட்டம் இருக்கும்.

ஜெனி


பாவூர்சத்திரம்
19.07.2025

அன்புள்ள ஜெனிக்கு,

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்டபடியே, ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. ரத்தினம் அண்ணாச்சியின் தம்பி நோட்டரி வக்கீல், அவருடைய முத்திரையும் இருக்கிறது. நீ கொண்டுபோய்க் கொடுக்கலாம். யார் வந்து கேட்டாலும் அழுகையைக் கேட்டேன் என்றே சொல்வேன். கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன்.

இனி எழுதுவது அந்தத் தாளில் இல்லாதது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

எங்க அப்பா மாதா கோயில் உபதேசியார் என்பது உனக்குத் தெரியும். பங்குச் சாமியார் வருவதற்குள் உயிர் போய்விடும்போல் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார். தண்ணீர் வேண்டும், பெயர் வேண்டும், வார்த்தை வேண்டும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாவிட்டால் அதற்கும் ஒரு வார்த்தை உண்டு.

நீ மயங்கிய பிறகு அவளை என் மடியில் போட்டுக்கொண்டேன். சூடாக இருந்தாள். அது உன் சூடா, அவள் சூடா என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் துடைத்தேன். முதுகைத் தடவினேன். மார்பில் கை வைத்தேன். என் கை நடுங்கியதில் எது துடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சீட்டுக்குக் கீழே தண்ணீர் பாட்டில் கிடந்தது. அவள் நெற்றியில் ஊற்றினேன். "ஞானப்பூ, நீ உயிரோடிருந்தால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொன்னேன்.

ஞானப்பூ எங்க அம்மா பெயர். அது உனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறாய். நீ பார்த்து வைத்திருந்த பெயர்கள் எதுவும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னதும் நீ ஒரே கேள்விதான் கேட்பாய். உயிரோடு இருந்தாள் என்று நினைத்துத்தானே ஊற்றினீர்கள் என்று. நினைத்தேனா? தெரியாது. இல்லை என்று நினைத்திருந்தால் ஊற்றியிருக்க மாட்டேன். உண்டு என்று நினைத்திருந்தால் 'இருந்தால்' என்று சொல்லியிருக்க மாட்டேன். டாக்டர் கேட்டது அழுதாளா என்று. அதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

இவ்வளவுதான். தாளை நீ உபயோகப்படுத்திக்கொள். மற்ற விஷயத்திலும் நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் குறித்து அனுப்பினால் போதும்.

பென்னி


குத்துக்கல்வலசை
02.08.2025

அத்தானுக்கு,

உங்கள் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். லிங்கேஸ்வரன் படித்துப் பார்த்தார். "இது போதும் டீச்சர். குடுத்துட்டுப் போங்க, விசாரிச்சிட்டு மேல அனுப்பிருதேன்" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"அவரு கடிதமும் ஒண்ணு இருக்கு சார்" என்றேன். ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். "இதுல 'இருந்தால்'னு போட்டுருக்கே. எங்களுக்கு உண்டு, இல்லை, ரெண்டுதான டீச்சர்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உங்கள் தாள் இந்த உறைக்குள் இருக்கிறது. கிழித்துவிடுங்கள். அது எனக்காக எழுதியது என்று தெரியும். அவள் அழுததை உண்மையாகக் கேட்டது நான் ஒருத்திதான். அதன் பக்கத்தில் ஒரு பொய்யைக் கொண்டுபோய் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. பதிவு அப்படியே இருக்கட்டும். மூன்றாவது பதிவில், பெயருக்குக் கட்டம் இல்லாமல்.

ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடம் அவளுக்குப் பெயர் இருந்திருக்கிறது. நீங்கள் அதை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறீர்கள், தூங்கியிருக்கிறீர்கள், வெங்காயம் எடை போட்டிருக்கிறீர்கள். நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், கூப்பிடத் தெரியாமல். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன். பிறகு முயல்கிறேன்.

பெயர் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. நிச்சயம் கேலி செய்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து அழுதிருப்பாள். நான் உங்களோடு சண்டை போட்டிருப்பேன்.

பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன். உங்கள் கடிதத்தை அவரிடமும் காட்டினேன். அவர் 'இருந்தால்' என்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கல் வைத்துக்கொள்ளலாம் என்றார். கல் செதுக்குகிறவர் பிறந்த தேதி, இறந்த தேதி எழுதித் தாருங்கள் என்றார். பெயர் மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

வருகிற பத்தாம் தேதி ஞாயிறு பூசை முடிந்து கல் நடுகிறார்கள். வரச் சொல்லவில்லை. நாம் என்ன ஆவோம் என்றும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன்.

வந்தால் ஒன்று செய்யுங்கள். அவள் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னபோது நான் மயங்கிக் கிடந்தேன்.

ஜெனி