காதில் செவலை விழுந்த குட்டி

ராஜபாளையம், 12 ஜூலை 1991, வெள்ளி

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து தம்பி தன் மகளோடு வந்திருக்கிறான். அவனுடைய மூத்த மகனுக்கு அங்கே பெரிய காலேஜில் இடம் கிடைக்காததையே காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தான்.

"மார்க்குல கொறையே இல்லண்ணே. ஆசியாக்காரப் பிள்ளைக எல்லாம் ஒரே அச்சாம். கணக்கு, வயலின், அம்புட்டுதானாம். மத்தவுகளுக்குச் சலுகை உண்டு. நம்மளை மூஞ்சியப் பாத்தே ஒதுக்குதானுக."

அதனால் மகளின் விண்ணப்பமாவது வித்தியாசமாக இருக்க வேண்டுமாம். நான் வளர்க்கும் வேட்டை நாய்களோடு அவளைப் படம் எடுக்கத்தான் இந்தப் பயணமே. நாய் வளர்க்கிற அண்ணன் என்று வெளியே சொல்லக் கூசியவன் இவன்.

கொட்டகையில் தனியாகக் கட்டியிருந்த குட்டியைக் காட்டி, "இதுக்கு உடம்பு சரியில்லையா பெரியப்பா?" என்று கேட்டாள் தம்பி மகள்.

"நல்லாத்தான் இருக்கு. ஓட்டத்துல இதுதான் முந்தும். காதுல மட்டும் செவலை நெறம் விழுந்துட்டு. வாங்க வாரவுக சுத்த வெள்ளையத்தான் கேப்பாக."

சொன்ன பிறகுதான் தம்பியைப் பார்த்தேன். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் அந்தக் குட்டியையே மடியில் வைத்துக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்தாள்.

"அத விடுட்டி. வெள்ளையத் தூக்கு. படத்துல அதுதான் எடுப்பா இருக்கும்" என்றான் தம்பி.

அவள் குட்டியை விடாமல் அவனையே பார்த்தாள்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நாளைக் காலையில் மதுரையிலிருந்து ஒருவர் குட்டி பார்க்க வருகிறார். அதற்குள் இந்தச் செவலைக் காதுக் குட்டியை அவர் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கட்ட வேண்டும்.