தைல வாசனை ஆகாத இடம்

அக்கா, பர்லியாறு வளைவில் முன் சீட்டுப் பெண்மணி யூகலிப்டஸ் தைலத்தைத் திறந்தார். பஸ் முழுக்க நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். இன்று ஆஸ்பத்திரியில் எனக்குக் கரு வைக்கிற நாள், இரண்டாம் முறை. மிச்சமிருப்பது ஒரே கரு.

போன முறை என் வீட்டுக்காரருக்கு டீ பேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு நீங்கள்தான் கோயம்புத்தூருக்குத் துணை வந்தீர்கள். வாந்தி வராமலிருக்க, மலையில் எல்லாரும் செய்வதுபோல, கர்ச்சீப்பில் தைலம் தெளித்து என் மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தீர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் முகம் சுளித்தார். "கரு இருக்கற எடத்துல எந்த வாசனையும் ஆகாதுன்னு சொன்னோமில்லீங்க?" முகம் கைகால் கழுவ வைத்து, உடை மாற்றித்தான் உள்ளே விட்டார்கள்.

அந்தக் கரு தங்கவில்லை. "என்ற தைலந்தான் கெடுத்துப்போட்டுதுங்களா?" என்று டாக்டரிடம் நீங்களே கேட்டீர்கள். இல்லவே இல்லை என்றார். உங்கள் முகம் தெளியவில்லை.

"டென்ஷன் ஆனா தங்காது" என்றது ஊர். போதாததற்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கருவை வேற்றாள் என்று விரட்டிவிடும் என எங்கேயோ படித்துத் தொலைத்தேன். டாக்டரோ, "அதெல்லாம் இன்னும் உறுதியாத் தெரியாதும்மா" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பயப்படவே பயம். நெஞ்சு படபடத்தாலே ஏதோ கெட்டுவிட்டதென்று நடுங்குவேன். வெளியே சிரிப்பேன். நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க கண்ணு. வருசக்கணக்கா சிரிச்சுட்டேதான் இருந்தேன். தங்குச்சா? பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லு."

தினமும் உங்கள் அடுப்படியில் சொன்னேன். போன மழையில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகு சொல்ல ஆளில்லை. அவர் கேட்டால், "டென்ஷனே இல்லீங்க" என்பேன். இன்றைக்கும், பஸ்ஸில் பக்கத்திலேயே இருந்தவரிடம் அதையேதான் சொன்னேன்.

முன் சீட்டுப் பெண்மணி பாட்டிலை நீட்டினார். "மோந்துக்கறீங்களா?"

"வேண்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன், வாசனை ஆகாது."

"பயமா இருக்குதுங்களா?"

"ஆமாங்க. ரொம்பப் பயமா இருக்குது."

பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். என் கையைப் பிடித்து, "எனக்குந்தான்" என்றார். மேட்டுப்பாளையம் வரும்வரை கையை விடவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கர்ச்சீப்பு வீட்டு பீரோவில் இருக்கிறது. உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன், எந்த வாசனையும் இல்லை. இதோ, என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். பயந்துகொண்டேதான் எழுந்திருக்கிறேன், அக்கா. நர்ஸ் கேட்டால் அவரிடமும் சொல்லிவிடுவேன்.