பெரேரா முதலாளியின் ஸகாத்

கெலிஓயா
14.03.1999

அன்பு மகள் பஸீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல அல்லாஹ்வின் காவலில் நீயும் மருமகன் மஹ்ரூபும் பேத்தி றிஸானாவும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எனக்கும் உம்மாவுக்கும் பெரிய குறை ஒன்றும் இல்லை, மழை இருட்டினால் உம்மாவின் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது, பேராதனை ஆஸ்பத்திரியில் தந்த மருந்தைப் பூசச் சொன்னால் அது நாறுகிறது என்று அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள், நீ எழுதும் கடிதத்தில் இரண்டு வார்த்தை கண்டித்து எழுது, நான் சொன்னால் கேட்கமாட்டாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. நீ அனுப்பிய துணி வந்து சேர்ந்தது, உம்மா அதைத் தைக்கக் கொடுத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

இனி நீ எதிர்பார்த்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் கட்டாரிலிருந்து டெலிபோனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கணக்கியல் பரீட்சைக்குத் தபாலில் படிப்பிக்கும் இடம் ஒன்றை நீங்களே பார்த்துச் சொல்லுங்க வாப்பா, இந்த முறையும் பிழையாகிப் போனால் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு இனி அந்தப் பேச்சே எடுக்கமாட்டேன் என்றாய். சொல்லிவிட்டு நீ சிரித்தாய், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின வருடம் அந்தக் கொழும்பு இடத்துக்குப் பதினொரு விடைத்தாள் அனுப்பி ஒன்றே ஒன்று திரும்பி வந்ததும், அதிலும் ஒரு கையெழுத்தைத் தவிர வேறு ஒரு கீறல் இல்லாததும் எனக்கு நினைவிருக்கிறது. பிள்ளை பகலில் தூங்கும் ஒன்றரை மணித்தியாலத்தில் சமையலையும் வைத்துக்கொண்டு பதினொரு தாள் எழுதியவள் நீ. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்றாவது தாளோடு எழுந்து போயிருப்பேன். உன்னை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது மகள், அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

ஆகவே இந்த முறை விளம்பரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று முடிவு செய்தேன். புதிதாகப் பருப்பு கொண்டு வருபவன் மூட்டையின் வாயில் நல்லதைத்தான் வைத்திருப்பான், நாம் கம்பியை அடிவரை குத்தி எடுத்துப் பார்ப்போம் இல்லையா, அதைப்போலப் படிப்புக்கும் ஒரு வழி இருக்க வேண்டும் என்று யோசித்தேன். மூன்று இடங்களுக்குக் கடிதம் போட்டேன். கொழும்பில் இன்னொரு இடத்தார் முழுக் கட்டணமும் கட்டினால்தான் பாடத்தைக் கண்ணிலேயே காட்டுவோம் என்று வழவழப்பான புத்தகம் ஒன்றை அனுப்பினார்கள், அதில் கோட்டுப் போட்ட ஆட்களின் படங்கள்தான் அதிகம், அதை அப்படியே மூடிவிட்டேன். கண்டி டவுனில் ஒரு இடமும், பேராதனையில் சந்திரிகா என்று ஒரு ரீச்சர் வீட்டு மேல்மாடியில் நடத்தும் ஒரு இடமும் முதல் பாடத்தையும் ஒரு பயிற்சி வினாத்தாளையும் மாதிரிக்கு அனுப்பினார்கள். இரண்டும் தமிழில்தான். நல்லவேளையாக இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்வி, பெரேரா என்ற ஒரு பலசரக்குக் கடைக்காரரின் வருட முடிவு இலாபத்தைக் கணக்கிட்டுக் காட்டும்படி. உனக்கு அனுப்பி நீ எழுதி அது திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் போகும். அதனால் நானே எழுதிப் பார்ப்பது என்று துணிந்துவிட்டேன். விண்ணப்பத்தில் என் பெயரைப் போட்டு வயது அறுபத்தொன்று என்றும் ஒளிக்காமல் எழுதினேன்.

நீ சிரிக்காதே. முப்பத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன், பலசரக்குக் கடைக் கணக்கு எனக்கென்ன புதிதா என்ற எண்ணம்தான். காளிமுத்துவைக் கல்லாவில் இருத்திவிட்டு உள்ளே கதிரையைப் போட்டுக்கொண்டு இரண்டு காலை நேரம் எழுதினேன். காளிமுத்து இருபது வருடமாக என்னோடு கடையில் நிற்கிறவர், அவரே வந்து எட்டிப் பார்த்து, பரீட்சையில் தேறினால் முதலாளி வேறு வேலைக்குப் போய்விடுவீர்களா என்று கேட்டார். ஒரே விடையை இரண்டு பிரதி எழுதி இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் போட்டேன்.

முதலில் வந்தது கண்டிக்காரர்களுடையது, ஐந்தே நாளில். நூற்றுக்கு எண்பத்து நாலு. வரிக்கு வரி சரி அடையாளம், கீழே ‘மிக நன்று, தொடர்க’ என்று இறப்பர் முத்திரை. உண்மையைச் சொல்கிறேன் மகள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தாளைக் கல்லாவுக்கு மேலே எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன், கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு வாசித்தும் காட்டினேன், பள்ளிவாசல் டிரஸ்டிமார்கூடப் பார்த்துவிட்டார்கள். கண்டி இடம்தான் நல்லது, பணத்தைக் கட்டட்டுமா என்று உனக்கு டெலிபோன் எடுக்கவும் கிளம்பினேன். உம்மாதான் மற்றதும் வரட்டும் என்று தடுத்தாள்.

மற்றது ஒன்பதாம் நாள் வந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. யார் இந்த ரீச்சர், எத்தனை கடை நடத்தியிருக்கிறார் என்று உம்மாவிடம் சத்தம் போட்டேன், தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டேன். மறுநாள் கடையில் ஆள் குறைந்த நேரம் எடுத்துப் பார்த்தால், நான் எழுதியது இரண்டு பக்கம், அவர் பச்சை மையில் எழுதியிருப்பது மூன்று பக்கம். வாசிக்க வாசிக்கத்தான் நான் செய்திருந்த வேலை எனக்கே தெரிந்தது. நோன்பு முடிந்த கையோடு எழுதினேனா, ஏழைகளுக்குப் பங்கு பிரிக்க நம் கடையின் ஸகாத் கணக்குப் பார்த்த சூடு இன்னும் கையில் இருந்திருக்கிறது, அந்தப் பழக்கத்தில் பெரேராவின் இருப்புச் சரக்கையும் கைக்காசையும் கூட்டி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, மிச்சத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஸகாத் என்று எழுதி இலாபத்திலிருந்து செலவாகக் கழித்து வைத்திருக்கிறேன். பெரேராவுக்கு, மகள், நோன்பும் தொழுகையும் இல்லாத ஒரு சிங்களவருக்கு. கேள்வியில் பெயர் இரண்டு இடத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, எனக்குக் கண்ணில் படவே இல்லை.

ரீச்சர் அதைக் கேலி செய்யவில்லை. ஐயா, இந்தச் செலவு வினாவில் இல்லை, இது நீண்டகாலம் சொந்தக் கடை நடத்தி ஒழுங்காக ஸகாத் கொடுத்துவரும் ஒருவரின் கை என்று நினைக்கிறேன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, பெரேராவுக்குப் பதிலாக உங்கள் பெயரே வினாவில் இருந்தாலும் அதைக் கடையின் செலவாகப் போட முடியாது, ஸகாத் உங்கள் கடமை, கடையின் கடமை அல்ல என்று விளக்கியிருந்தார். பெரேரா வீட்டுச் சமையலுக்குக் கடையிலிருந்து எடுத்த அரிசியையும் சீனியையும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, சொந்தக் கடை அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோவதை யார் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன். அதையும் எடுத்துக் காட்டி, இரண்டும் ஒரே பிழைதான் ஐயா, கடையை ஒரு ஆளாகவும் கடைக்காரரை வேறு ஆளாகவும் வைத்துப் பாருங்கள் என்று எழுதி, கணக்கு முழுவதையும் முதலிலிருந்து செய்தும் காட்டியிருந்தார். முப்பத்திரண்டு வருடமாக எனக்கு ஒருவரும் சொல்லித் தராத விஷயம் இது. பிறகு அந்த எண்பத்து நாலு புள்ளித் தாளை எடுத்துப் பார்த்தேன். பெரேராவின் ஸகாத்துக்குப் பக்கத்திலும் அழகாக ஒரு சரி போட்டிருந்தார்கள். தாளை மேலிருந்து இறக்கிவிட்டேன். உம்மாவிடம் சொன்னபோது அவள் முழங்கால் வலியையும் மறந்து சிரித்து, “பெரேராட ஸகாத்த யாருக்குக் குடுக்கப் போறீங்க” என்று கேட்டாள். இந்தக் கதை இப்போது கெலிஓயா முழுக்கத் தெரியும், எனக்கு அதைப் பற்றி வெட்கம் இல்லை, ஏனென்றால் உனக்கு எந்த இடம் என்பது அந்தப் பிழையால்தான் தெரிந்தது.

போன வியாழக்கிழமை பஸ்ஸில் பேராதனைக்குப் போய் ரீச்சரைக் கண்டேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள், தெல்தெனியப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவராம், தகப்பன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர், இவரும் வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில்தான் இந்தப் பரீட்சை எல்லாம் முடித்திருக்கிறார். அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரெல்லாம் விடைத்தாள் கட்டுகள், ஒவ்வொரு கட்டிலும் தாள் வந்த திகதியும் திருப்பி அனுப்பிய திகதியும். ஒரு தவணைக்கு நாற்பது பேருக்கு மேல் எடுப்பதில்லை, எடுத்தால் வாசிக்க முடியாது என்றார். ஓகஸ்ட் பரீட்சைக்கு இரண்டு இடம்தான் மிச்சம் என்று கேட்டதும் பணப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். எழுதியது நான்தான், படிக்கப்போவது என் மகள் என்று ஒத்துக்கொண்டேன், கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. உன் பதினொரு தாளின் கதையைச் சொன்னேன். கட்டாருக்கு வழமையான தபால் சரிவராது, அங்கிருந்து லீவில் வருபவர்கள் போகிறவர்கள் கையில் கொடுத்துவிட ஒழுங்கு செய்யலாம் என்று அவரே யோசனை சொன்னார். ஒரு கிழமையில் நேரமே கிடைக்காவிட்டால் பிள்ளை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தப்பா எழுதினாலும் அனுப்பச் சொல்லுங்க முதலாளி. பாதியில நின்னாலும் அனுப்பச் சொல்லுங்க. தப்ப நான் திருத்திருவேன், வெறுந்தாள வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?” இவரிடம் நீ படித்தால் தேறுவாய் மகள், எனக்குச் சந்தேகமே இல்லை. உன்னைப் பதிந்துவிட்டேன், முதல் தவணைக் கட்டணமும் கட்டியாயிற்று, அதைப் பற்றி மஹ்ரூப் ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்று சொல்.

அங்கே ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. உன் பெயர், பிறந்த திகதி, ஏ.எல் பெறுபேறு எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன், மூன்று பாடத்திலும் நல்ல புள்ளியோடு தேறியிருப்பதைப் பார்த்துவிட்டு ரீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கேள்வி, இதற்கு முன் உயர்கல்வி தடைப்பட்டிருந்தால் அதற்கான காரணம் என்ன என்பது. நான் பேனையை வைத்துக்கொண்டு இருந்ததைக் கண்டு, குடும்ப நிலைமை என்று போடுங்கள், எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள் என்றார். நம் குடும்பத்துக்கு அப்போது என்ன நிலைமை? கடை நன்றாக ஓடியது, கொழும்பில் உன் மாமி வீடு இருந்தது, அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதமும் கைக்கு வந்திருந்தது. பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று நான் ஒருவன்தான் சொன்னேன், உம்மா எனக்காக அல்ல, உனக்காகத்தான் பேசினாள், அதையும் நான் கேட்கவில்லை. நீ அழவும் இல்லை, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனாய். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நீ அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நான் செய்தது பிழை மகள். அந்த இடத்தில் ‘தகப்பன் அனுமதிக்கவில்லை’ என்று எழுதினேன். ரீச்சர் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, பிள்ளை தூங்கும் நேரத்தில் வேறு வேலை செய்ய யாராவது சொன்னால் வாப்பா வேண்டாம் என்றார் என்று சொல். மருமகனுக்கு என் ஸலாம், வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் உனக்கு நேரம் விடுகிறார் என்று எழுதியிருந்தாய், அவருக்காக நான் தனியாக துஆ செய்கிறேன். அல்லாஹ் உன் அறிவில் பரக்கத் செய்து, நீ எடுத்த காரியத்தை உன் கையாலேயே முடித்துவைக்கட்டும். பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டை அடுத்த மாதம் முடிவதற்குள் அனுப்ப மறந்துவிடாதே, அது இல்லாமல் பதிவு உறுதியாகாது. படிவத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை மஹ்ரூபுக்குக் காட்டு. றிஸானா எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயதுக்கு வந்ததும் அவளுக்கும் காட்டு, கீழே இருப்பது மூத்தாப்பாவின் கையெழுத்து என்று சொல்லிக் கொடு.

என்றும் உன் நலம் நாடும் வாப்பா,
அ. ஸெய்னுலாப்தீன்